வாசல்லதான் ஓடும்

கதவைச் சாத்திக்கிட்டு சண்டை போடுறது பாயம்மாவுக்குப் பிடிக்காது. புருஷன்கூட சண்டைன்னா முதல்ல எழுந்து போய் வாசக்கதவை நல்லா விரியத் திறப்பாங்க. காத்துல ஆடாம இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுப்பாங்க. அப்புறம்தான் ஆரம்பம். நான் குடிவந்த புதுசுல இதைப் பாத்து அரண்டே போயிட்டேன். "ஏங்க, தெருவுக்கே கேக்குதே"ன்னேன்.

"கேக்கட்டும்மா. சாத்திக்கினு கத்துனா பாய் என்னை அடிக்கிறாருன்னு நெனப்பாங்க. தொறந்து வச்சிக்கினு கத்துனா யாரு யாரைத் திட்றாங்கன்னு தெளிவா தெரியும்ல"ன்னாங்க. பாய் பாவம், உள்ளே உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தார்.

அவங்களுக்குப் பேர் இல்லாம இல்லை. ரேஷன் கார்டுல நல்ல நீளமான பேரு. ஆனா காட்டுப்பாக்கத்துல எங்க தெருவுல யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாயோட சம்சாரம், அதனால பாயம்மா. எனக்கும் அப்படியே இருக்கட்டும்.

வீட்டோட அமைப்பை இப்பவே சொல்லிடறேன், பின்னாடி வேணும். முன்பக்கம் ஓனர் வீடு. கீழே கார் நிறுத்துற இடம், அதுக்கு இரும்பு ஷட்டர். மாடியில ஓனர் குடும்பம். மாடிக்குப் போக ரெண்டு படி: கார் நிறுத்துற இடத்துக்குள்ள இருந்து ஒண்ணு, வெளிப்பக்கமா ஒண்ணு. பின்பக்கம் வாடகைக்கு ரெண்டு போர்ஷன். ஒண்ணுல நாங்க, ஒண்ணுல பாயம்மா. எல்லாருக்கும் ஒரே கேட்டு. நான் இன்னமும் அங்கதான் இருக்கேன். திருமழிசையில ஒரு கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன் வேலை, காலையில பஸ், சாயங்காலம் பஸ், நடுவுல பாயம்மாவோட சத்தம். அப்படித்தான் போச்சு என் வாழ்க்கையில நல்ல வருஷங்கள்.

அந்த ஜெனரேட்டர் வந்த கதை சின்னதுதான். பூந்தமல்லியில பாய் ஜூஸ் வண்டி போட்டிருந்தார். ரோட்டை அகலம் பண்றோம்னு வண்டியை எடுக்கச் சொல்லிட்டாங்க. வண்டியை வித்தாச்சு, மிக்ஸியை வித்தாச்சு. மிக்ஸி ஓட்டவும் லைட் எரிக்கவும் வச்சிருந்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை மட்டும் பாயம்மா விக்க விடலை. ஒரு டிரங்குப் பெட்டி அளவுதான் இருக்கும். பாய் ஷேர் ஆட்டோ ஓட்டப் போயிட்டார். ஜெனரேட்டர் பாயம்மாவோட சொத்தாயிடுச்சு.

எங்க பக்கத்துல புயல் வந்தா கரண்ட்டைத்தான் முதல்ல புடுங்குவாங்க. அது எப்ப திரும்பி வரும்னு கடவுளுக்கே தெரியாது. கரண்ட் போன கொஞ்ச நேரத்துல பாயம்மா வெளிய வருவாங்க. முந்தானையை இடுப்புல சொருகி, ஒரு காலை ஜெனரேட்டர் மேல ஊணி, "பிஸ்மில்லா"ன்னு கயித்தை ஒரே இழுப்பு. ஸ்டார்ட் ஆயிட்டா சரி. ஆகலைன்னா அடுத்து வர்ற வார்த்தை எதையும் நான் இங்க எழுத முடியாது.

அதை வச்சு ஓட்டுற இடம் கேட்டுக்குப் பக்கத்துல, வெட்டவெளியில. கீழே ஹாலோ பிளாக் கல்லு. மேலே நாலு சவுக்குக் கொம்பு நட்டு, பழைய ஃபிளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டியிருப்பாங்க. யாரோ ஒரு பொண்ணோட மஞ்சள் நீராட்டு விழா பேனர். மழை கொட்டுற கொட்டுல கீழே மிஷின் தடதடன்னு ஓடும், மேலே அந்தப் பொண்ணு கிரீடம் வச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இருக்கும்.

"எதுக்குங்க இப்படி நனையுறீங்க? உள்ளே, வராண்டாவுல வச்சு ஓட்டலாம்ல?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"ஒரு மழைக்கு வண்டியைச் சுத்தி தார்ப்பாய் கட்டிக்கினு உள்ளாரயே ஓட்டுனோம்மா. பாய் சாத்துக்குடி உரிச்சிக்கினே அப்டியே சாஞ்சிட்டாரு. நானு தூங்குறாருன்னு நெனச்சிக்கினு திட்டிக்கினே கீறேன். எனக்கும் தலை கிர்ருங்குது. பக்கத்து பூக்கடைக்காரன் வந்து தார்ப்பாயைப் பிரிச்சி, ரெண்டு பேரையும் இழுத்து ரோட்ல போட்டான். பொகைம்மா. பொகை ஆளை அடிச்சிடும். அன்னைக்கே சொல்லிட்டேன், இது வாசல்லதான் ஓடும்னு."

அதோட நிக்கலை. வயரை இழுத்து, பத்து பிளக் போர்டு ஒண்ணை கேட்டுல தொங்கவிடுவாங்க. தெருவுல யாரு வேணா போனைக் கொண்டாந்து சொருகலாம். டார்ச் லைட்டுக்கு, ஆஸ்பத்திரியில குடுத்த ஆவி பிடிக்கிற மிஷினுக்கு, எதுக்கு வேணா. பெட்ரோல் யாரு போடுறதுன்னு நான் கேட்டா அவங்களுக்குக் கோவம் வந்துடும். "இந்த சனியன் போடுற சத்தம் தெருவுல எல்லார் காதுலயும் போய் உழுதுல்ல? சத்தத்தை ஊருக்குக் குடுத்துட்டு கரண்ட்டை மட்டும் நானு வச்சிக்கினா நல்லாவா கீது?"

அதுக்காக அன்னை மாதிரி சாந்தமா குடுப்பாங்கன்னு நினைச்சிடாதீங்க. "அடுத்தவன் போனைப் புடுங்கிட்டு ஒன்னுத சொருகுறியா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"ன்னு ஒருத்தரை மழையில ஓட ஓட விரட்டினாங்க. அவர் எங்க கம்பெனி சூப்பர்வைசர். மறுநாள் அவர் மூஞ்சியில முழிக்க எனக்குத்தான் சங்கடம். உள்ளுக்குள்ள சந்தோஷம், அது வேற.

இப்ப ஓனருக்கு வர்றேன். அவர் கெட்டவர்னு நான் சொல்லமாட்டேன். இந்த ஊர்க்காரர். பரம்பரையா நெல்லு போட்ட குடும்பம். நிலத்தை பிளாட் போட்டு வித்துட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டவர். அவரோட கஷ்டம் என்னன்னா, யாராவது எதாவது கேட்டா இல்லைன்னு சொல்ல வாய் வராது. குடுக்கவும் மனசு வராது. அதனால யாரும் கேக்காம பாத்துக்குவார். வீட்டுல பலாப்பழம் வெட்டுனாகூட ஜன்னலை எல்லாம் சாத்திட்டுத்தான் வெட்டுவார். வாசனையை என்ன பண்ண முடியும்? தெரு முழுக்க மணக்கும். இவர் உள்ளே சத்தமில்லாம தின்னுக்கிட்டு இருப்பார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு, தன் கேட்டுல போர்டு தொங்கி, அதுல ஊரே வந்து நிக்கிறதைப் பாத்தா எப்படி இருக்கும்? ஒரு மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார்.

"ஏம்மா, இது என் கேட்டு. கண்டவனும் வந்து நிக்கிறான். இதோட நிறுத்திக்க. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணிக்க."

பாயம்மா போர்டைக் கழட்டினாங்க. ஜெனரேட்டரை நிறுத்தி, பாயோட சேந்து தூக்கி, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வச்சாங்க. ரோட்டோரம் நின்ன முருங்கை மரத்துல போர்டைக் கட்டினாங்க. கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணிட்டு ஓனரைத் திரும்பிப் பாத்தாங்க.

"கேட்டு உங்க்ளுது ஓனரே. ரோடு?"

ஓனர் முகம் கறுத்துப் போச்சு. "இன்னொரு தடவை என் வீட்டு விஷயத்துல எதையாவது தொட்டே, அன்னைக்கே சாமானை வெளிய வைப்பேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

பாய் குடும்பம்னா வாடகைக்கு வீடு கிடைக்கிறது எவ்வளவு பாடுன்னு எனக்குத் தெரியும். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல, அக்கம்பக்கத்துல ஒத்துக்க மாட்டாங்க"ன்னு எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுவாங்க. இந்த அக்கம்பக்கம் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் நான் பாத்ததில்லை. பாயம்மா இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி காட்டுப்பாக்கம், நசரத்பேட்டைன்னு அலையாத தெரு இல்லை. பசங்க ரெண்டு பேரும் பக்கத்துல படிக்கிறாங்க. இந்த வீடு போனா எங்க போவாங்க? "கொஞ்சம் வாயை அடக்கிக்கங்க பாயம்மா"ன்னு கெஞ்சினேன். "வாயை அடக்குனா ஒடம்புக்கு ஆவாதும்மா எனக்கு"ன்னுட்டாங்க.

அடுத்த மழைக்காலத்துல ஓனர் பொண்ணு பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தது. பேத்தி பிறந்தாச்சு. ஓனருக்குத் தலைகால் புரியலை. குழந்தைக்கு ஃபேன் நிக்கக்கூடாதுன்னு தானே ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். பாயம்மாவோடதைவிடப் பெருசு. நல்ல சிவப்பு. அதை எங்க வச்சார் தெரியுமா? கார் நிறுத்துற இடத்துல, உள்ளே. ஷட்டரை முழுசா இறக்கிட்டு. வெளிய வச்சா எல்லாரும் போனைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்களாம். இல்லைன்னு சொல்ல இவருக்கு வாய் வராதே.

பாயம்மா நேரா போய்ச் சொன்னாங்க. "ஓனரே, அத்தை வெளிய வையுங்க. உள்ளாற வேணாம்."

"ஏன், நீ மட்டும்தான் ஜெனரேட்டர் வச்சுக்கணுமா?"ன்னு கேட்டுட்டார். வயித்தெரிச்சல்ல சொல்றாங்கன்னு நினைச்சுட்டார் மனுஷன்.

புயல் வந்தது. ராத்திரியெல்லாம் ஓலமிட்டு, மறுநாளும் விடாம ஊத்துச்சு. கரண்ட் கிடையாது, போன்ல சிக்னல் கிடையாது, எங்க நடைபாதையில கணுக்கால் தண்ணி. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஓனர் ஷட்டரை வெளியே பூட்டிட்டு, கேனை எடுத்துக்கிட்டு பெட்ரோலும் பாலும் தேடிப் போனார். உள்ளே அவரோட ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்தது. மாடியில ஓனரம்மா, பொண்ணு, குழந்தை.

இங்க ஒண்ணு சொல்லணும். பச்ச உடம்புக்காரியும் பச்சக்குழந்தையும் இருக்கிற வீட்டுல என்ன பண்ணுவோம்? காத்து படக்கூடாதுன்னு ஜன்னலைச் சாத்துவோம், காதைக் கட்டுவோம், குழந்தையைக் குளிப்பாட்டி சாம்பிராணி போடுவோம். ஓனரம்மா எல்லாத்தையும் குறையில்லாம செஞ்சிருந்தாங்க. ஜெனரேட்டர் வயரு உள்படி வழியா மாடிக்குப் போகுது, அதனால மேலே அந்தக் கதவு மட்டும் திறந்தே இருந்தது. வயரோட சேந்து புகையும் ஏறியிருக்கு. சாம்பிராணி வாடையில யாருக்கும் எதுவும் தெரியலை.

பாயம்மா அப்ப பெட்ரோல் ஊத்தறதுக்காகத் தன்னோட ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தாங்க. சூட்டோட ஊத்தக்கூடாதுன்னு ஆறுறதுக்குக் காத்துக்கிட்டு நின்னாங்க. நானும் போனை எடுத்துக்கிட்டு வரிசையில நின்னேன். நம்ம மிஷின் சத்தம் நின்னதும், அந்த மிஷின் சத்தம் ஷட்டருக்குள்ள இருந்து 'ம்ம்ம்'னு கேட்டுச்சு. பாயம்மா ஷட்டருக்குக் கீழே குனிஞ்சு மோந்து பாத்தாங்க. அண்ணாந்து மாடி ஜன்னலைப் பாத்தாங்க.

"எல்லாத்தையும் சாத்திக்கினு கீறாங்க."

"குழந்தை இருக்குல்ல பாயம்மா. சாம்பிராணி போட்டிருப்பாங்க"ன்னேன்.

அவங்க அதுக்குள்ள வெளிப்படியில ஏறிட்டாங்க. கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டினாங்க. தேக்குக் கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள். பதிலே இல்லை.

"தூங்குறாங்களா இருக்கும்."

"பாயும் தூங்குறாருன்னுதாம்மா நானு திட்டிக்கினு கீந்தேன்"ன்னாங்க. அந்த முகத்தை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்லை. "யோவ் பாய்! கடப்பாரையை எட்தா!"

மழைத்தண்ணிக்கு வாய்க்கால் வெட்ட வச்சிருந்த கடப்பாரை. பாய் அதைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தார். "பாயம்மா, ஷட்டரை உடைச்சா ஓனர் இன்னைக்கே உங்க சாமானை வெளிய வைப்பாரு. யோசிங்க"ன்னேன்.

"வைக்கட்டும். வந்து சண்ட போட்றதுக்கு அவுரு ஊட்ல மொதல்ல ஆளுங்க உசுரோட இருக்கணும்ல."

பூட்டுக்குள்ள கடப்பாரையை விட்டு ரெண்டு பேரும் தொங்கினாங்க. பூட்டு தெறிச்சுது. ஷட்டரைத் தூக்கினதும் உள்ளே இருந்து வந்த புகை இருக்கே, அப்பப்பா, கண்ணு ரெண்டும் எரிஞ்சு போச்சு. பாயம்மா நனைஞ்ச முந்தானையை மூக்குல சுத்திக்கிட்டு உள்ளே பாஞ்சாங்க. மிஷின் நின்னுச்சு. உள்படியில திடுதிடுன்னு ஏறுற சத்தம். மேலே ஜன்னல் ஒவ்வொண்ணா படார் படார்னு திறந்துச்சு. நான் வெளிப்படியில ஏறி நின்னேன். உள்பக்கம் தாழ்ப்பாள் விலகி கதவு திறந்துச்சு. பாயம்மா கையில துணிச் சுருட்டு மாதிரி குழந்தை.

"புடிமா!"

குழந்தை துவண்டு கெடந்தது. அழுகையில்லை, அசைவில்லை. நான் பழக்க தோஷத்துல குழந்தையை மார்போட அணைச்சு முந்தானையால மூடினேன்.

"மூடாத! காத்துல காட்டு! நல்லா காத்துல காட்டுமா!"

காத்து படக்கூடாதுன்னு காதைக் கட்டி வச்சிருந்த குழந்தை அது. அதை நான் புயல் காத்துல, சாரல்ல, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நின்னேன். பெத்த தாயி அப்படிச் செஞ்சா ஊரே காறித் துப்பும். "அழுடி, அழுடி தங்கம், அழுடி"ன்னு நான்தான் அழுதுக்கிட்டு இருந்தேன். குழந்தை முகத்தைச் சுளிச்சுது. ஒரு தும்மல். அப்புறம் கத்துச்சு பாருங்க ஒரு கத்து, பாயம்மாவே தோத்துடுவாங்க.

பாயும் பாயம்மாவும் பொண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஓனரம்மா வாந்தி எடுத்துக்கிட்டே தவழ்ந்து வந்தாங்க. போன் சார்ஜ் போட வந்திருந்த ஜனம்தான் ஓடிப் போய் தண்ணி கேன் போடுற வண்டியை இழுத்துக்கிட்டு வந்துச்சு. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூணு உயிரும் பிழைச்சுது.

ஓனர் திரும்பி வந்தப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், பாயம்மாவோட வீட்டுல நின்னுட்ட பாய் சொன்னதுதான். பூட்டு உடைஞ்சு கிடக்கிறதைப் பாத்ததும், "எவன்டா என் ஷட்டரை உடைச்சது?"ன்னு கத்தியிருக்கார். பாயம்மா கேட்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "நாந்தான் ஒடச்சேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி உங்க பொண்ணையும் பேத்தியையும் பாத்துட்டு வாங்க. வந்து சாமானை வெளிய வைங்க. நானு இங்கியேதான் கீறேன்"னிருக்காங்க. ஓனர் அப்படியே தண்ணியில உக்காந்துட்டாராம். பால் பாக்கெட்டெல்லாம் தண்ணியில மிதந்துச்சாம்.

எல்லாரும் வீடு திரும்பினப்புறம் ஒரு நாள் ஓனர் பாயம்மா வாசல்ல வந்து நின்னார். கதவு வழக்கம்போல திறந்தே கிடந்தது. தரையைப் பாத்துக்கிட்டே, "நீங்க வீட்டைக் காலி பண்ண வேணாம்மா"ன்னார்.

"நானு எப்ப காலி பண்றேன்னு சொன்னேன்?"ன்னாங்க பாயம்மா. "உள்ளாற வாங்க, டீ குடிங்க. ஆனா ஒண்ணு. அந்த ஷட்டரை மறுபடி போட்டீங்க, மறுபடி ஒடப்பேன்."

அவர் போடலை. ஷட்டரையே கழட்டிட்டார். அடுத்த மழைக்குக் கேட்டுப் பக்கத்துல ரெண்டு ஜெனரேட்டர் ஓடுச்சு. முருங்கை மரத்துல இருந்த போர்டை ஓனரே கழட்டிக்கிட்டு வந்து தன் கேட்டுல மாட்டினார். மாட்டிட்டு யார் முகத்தையும் பாக்காம விறைப்பா நின்னார். பலாப்பழம் மட்டும் இன்னமும் ஜன்னலைச் சாத்திட்டுத்தான் வெட்டுறார். ஒரேயடியா மாறிடுவாரா என்ன.

பையனுக்கு வேலை கிடைச்சதும் பாயம்மா திருமழிசைப் பக்கம் சின்னதா வீடு கட்டிக்கிட்டுப் போனாங்க. லோடு ஆட்டோவுல கட்டில், பீரோ, எல்லாத்துக்கும் மேலே ஜெனரேட்டர். ஏறுறதுக்கு முன்னாடி கடப்பாரையைக் கொண்டாந்து என் வாசல்ல சாத்தினாங்க. "இது இங்கியே கெடக்கட்டும்மா"ன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். "வாய்க்கா வெட்டத்தான்"னு சொல்லிட்டு, ஷட்டர் இல்லாத அந்த இடத்தைப் பாத்து சிரிச்சாங்க.

போன வருஷம் பாய் போன் பண்ணி, பாயம்மா மவுத்தாயிட்டாங்கன்னு சொன்னார். நான் அழுதேன். கதவை நல்லா விரியத் திறந்து வச்சுக்கிட்டு, தெருவுக்கே கேக்கிற மாதிரி அழுதேன். எவன் என்ன நினைச்சா எனக்கென்ன?

இந்த வருஷம் மழைக்கு முன்னாடி, பெங்களூர்ல வேலை பாக்குற ஓனர் மகன் வந்தான், அந்தப் புயலப்ப ஹாஸ்டல்ல இருந்தவன். கார் நிறுத்துற இடத்துக்கு அளவெடுக்க ஆளை வரச் சொல்லியிருந்தான். புது ஷட்டராம், பட்டனைத் தட்டினா இறங்குமாம். புது ஜெனரேட்டர் வாங்கியிருக்கானாம். ஓனருக்கு இப்ப வயசாயிடுச்சு, நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தார். நான் துவைச்ச துணியை அப்படியே பக்கெட்டுல போட்டுட்டுப் போனேன்.

"தம்பி, உள்ளே வச்சு ஓட்டப் போறியா?"

"இது சைலன்ட் டைப்புக்கா. சத்தமே வெளிய வராது."

"சத்தம் வெளிய வந்ததாலதான் உங்க அக்கா இன்னைக்கு உயிரோட இருக்கா. புகை?"

"அது கொஞ்சம் வரும். நாங்க பாத்துக்குவோம்"னு சொல்லிட்டு டேப்பை இழுத்தான்.

நான் வீட்டுக்குள்ள போனேன். கதவுக்குப் பின்னாடி இருந்த கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு வந்தேன். கனம் அதிகம், இழுத்துக்கிட்டுதான் வந்தேன், வழியெல்லாம் சிமெண்ட் தரையில கீறல். அவன் அளவெடுத்துக்கிட்டு இருந்த இடத்துல, சுவத்துல சாத்தி வச்சேன்.

"தாராளமா போடு தம்பி. பாயம்மா கடப்பாரை இங்கேயேதான் இருக்கும்."

"என்னக்கா, மிரட்டுறீங்களா?"ன்னான்.

"ஆமா"ன்னேன்.